ஜென்னர் வாத்தியாரும் ஒரு ஊசியும்

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடித்த எட்வர்ட் ஜென்னரை வைத்துத்தான் நான் பிழைப்பு நடத்தினேன். 1796 மே 14. பால் கறக்கும் பெண் சாரா நெல்ம்ஸின் கையில் இருந்த கொப்புளம். தோட்டக்காரர் மகன் ஜேம்ஸ் ஃபிப்ஸ், வயது எட்டு. அந்தப் பசுவின் பெயர் பிளாஸம் என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் சாக்பீஸைக் கீழே வைப்பேன். பையன்கள் எனக்கு ‘ஜென்னர்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். மற்ற வாத்தியார்களுக்கு வைத்திருந்த பெயர்களை நினைத்தால் அது கௌரவ டாக்டர் பட்டம்.

அப்பேர்ப்பட்ட ஜென்னருக்கு, 2021 மார்ச் 1ஆம் தேதி அறுபது தாண்டியவர்களெல்லாம் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று அரசு கதவைத் திறந்தபோது, வயது அறுபத்தேழு. கூடவே சுகர். முதல் ஆளாகப் போய் நின்றிருக்க வேண்டும். நின்றேன். உறையூரில் எங்கள் வீட்டு வாசலில், கையைக் கட்டிக்கொண்டு, போகிறவர்களை வேடிக்கை பார்த்தபடி.

நீங்களும் அப்படி நின்றிருப்பீர்கள், வெட்கப்படாதீர்கள். ‘போடலாம்தான்... ஆனா...’ என்று இழுத்த கோஷ்டி நாம். மாட்டேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை, சரி என்று சொல்லவும் தைரியம் இல்லை. அந்த ஏப்ரல் சட்டமன்றத் தேர்தலில் நாம் தனிக்கட்சியாக நின்றிருந்தால் ஆட்சியே அமைத்திருக்கலாம். ஆனால் வேட்புமனு கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்தே கடைசித் தேதி போயிருக்கும்.

இதற்கு முன்னால் எந்த மருந்தைப் பற்றியும் நான் ஒரு கேள்வி கேட்டவன் இல்லை. சளி பிடித்தால் மெடிக்கல் ஷாப்பில் போய், “சளிக்கு நாலு மாத்திரை குடுப்பா” என்பேன். வெள்ளையில் ரெண்டு, மஞ்சளில் ரெண்டு, பேப்பர் கவரில் போட்டுத் தருவான். கிளினிக்கில் ஊசி போட்டால், என்ன ஊசி என்று கேட்பது டாக்டரை அவமதிப்பது என்று நம்பிய தலைமுறை நாங்கள். 2020இல் தெருமுனையில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் ஊற்றினார்கள். அதில் என்னென்ன போட்டார்கள் என்று கேட்கவில்லை, டம்ளரை யார் கழுவியது என்றும் கேட்கவில்லை. இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்றுதான் கேட்டேன்.

இந்த ஊசிக்கு மட்டும் எனக்கு மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு தேவைப்பட்டது.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, பக்கத்தை நடுவில் பிரித்தேன். இடப்பக்கம் கோவிஷீல்ட். ஆக்ஸ்ஃபோர்டும் அஸ்ட்ராஜெனகாவும் உருவாக்கியது, புனேயில் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிப்பது. சிம்பன்சிக்குச் சளி பிடிக்க வைக்கும் ஒரு வைரஸை எடுத்து, அது பெருக முடியாதபடி செய்து, கொரோனாவின் ஸ்பைக் புரதத்துக்கான குறிப்பை அதற்குள் வைத்து அனுப்புகிறார்கள். ‘சிம்பன்சி’ என்ற வார்த்தைக்குக் கீழே சிவப்பு மையில் ரெண்டு கோடு போட்டேன். மனிதன் எதிலிருந்து வந்தான் என்று இத்தனை வருஷம் பாடம் நடத்தியவன்.

வலப்பக்கம் கோவாக்சின். ஹைதராபாத் பாரத் பயோடெக், ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து செய்தது. முழு வைரஸையும் செயலிழக்க வைத்து உள்ளே விடும் பழைய முறை. பழைய முறை என்றதும் மரியாதை வந்தது. மூன்றாம் கட்ட முடிவு வருவதற்கு முன்பே, ஜனவரி 3ஆம் தேதி அனுமதி கொடுத்துவிட்டார்கள், மார்ச் 11 வரை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள் என்றதும் வந்த மரியாதை போய்விட்டது. கூட்டுறவு சங்கத்தில் நண்பன் ஒருவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதிலிருந்து எனக்குப் படிவம் என்றாலே ஆகாது.

மார்ச் 3ஆம் தேதி அதற்கும் இடைக்கால முடிவு வந்தது. 81 சதவீதம். பள்ளிக்கூடத்தில் 81 வாங்கிய பையனை நான் மேடையில் ஏற்றிக் கை தட்ட வைத்திருக்கிறேன். இதைப் பார்த்து, “மிச்சம் 19 எங்கே?” என்றேன்.

மார்ச் முழுக்க எது நல்லது என்று இப்படி ஆராய்ந்து, கடைசியில் ஒருநாள் எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தேன். அங்கே இருந்தது ஒன்றே ஒன்று, கோவிஷீல்ட். நோட்டின் வலப்பக்கத்தில் பால் கணக்கு எழுத ஆரம்பித்தோம்.

அப்போதெல்லாம் அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு குப்பியில் பத்து டோஸ். திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் வீண். அதனால் ஆள் சேரட்டும் என்று காத்திருப்பார்கள். நர்ஸம்மா வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்ப்பார். சரியாக அந்த நேரத்துக்குக் காய்கறிப் பையோடு நான் போவேன்.

“சார், வாங்க சார். ஒரே ஒரு ஆள்தான் குறையுது.”

“இதோ, பையை வெச்சிட்டு வந்துடறேம்மா.”

பை வீடு வந்து சேர்ந்தது. அன்றைக்குக் கீரையைக் கூட நானே ஆய்ந்தேன்.

மகன் ஜெர்மனியில் இருக்கிறான். ஜனவரி கடைசியில் அங்கே அஸ்ட்ராஜெனகா ஊசியை அறுபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் பரிந்துரைத்தார்கள். முதியவர்கள் பற்றிப் போதுமான ஆய்வுத் தரவு இல்லையாம். பேச்சுவாக்கில் இதை என்னிடம் சொன்னவன் அவன்தான். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மார்ச் தொடக்கத்தில், பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நடுவில் ரத்தம் உறைகிறது என்று சில நாள் நிறுத்தினார்கள். மார்ச் கடைசியில், இனிமேல் அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும்தான் இது என்றார்கள். ‘உங்களைத் தவிர எல்லோருக்கும்’ என்று தொடங்கி ‘உங்களுக்கு மட்டும்’ என்று முடிக்க அவர்களுக்கு ரெண்டு மாதம் ஆனது. நான் அந்த ரெண்டு மாதத்தில் நகரவே இல்லை.

மகன் பொறுமையாக விளக்கினான். அந்த ரத்த உறைவு மிக அபூர்வம். அதுவும் வயதில் குறைந்தவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. உங்கள் வயதுக்குக் கொரோனாவால் வரும் ஆபத்தோ பல மடங்கு. தட்டில் சோறு ஆறிப்போக, வீடியோ காலில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். “இப்பப் புரியுதாப்பா?” என்றான். நன்றாகவே புரிந்தது.

“இன்னொரு தடவை சொல்லு” என்றேன்.

மகள் பெங்களூரில். ரிடையர் ஆன பிறகு அவளிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வரும். ‘சாப்டீங்களா, சுகர் பாத்தீங்களா, அம்மாகிட்ட குடுங்க.’ மார்ச்சிலிருந்து தினமும் பேசினாள். ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில் பேசினாள். டாக்டர் தோழியைக் கான்ஃபரன்ஸ் காலில் இழுத்துப் போட்டாள். மாப்பிள்ளை, பொங்கலுக்கு வந்தாலே என்னிடம் மூன்று வாக்கியம் பேசும் மாப்பிள்ளை, ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அதை ரெண்டு முறை கேட்டேன். அவருக்கு நல்ல குரல் என்று அன்றுதான் தெரிந்தது.

இதற்கிடையில் வீட்டில் ஒரு சதி நடந்தது. மார்ச் மத்தியில் ஒரு காலை, “வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய்ட்டு வரேன்” என்று என் மனைவி கிளம்பினாள். கூட எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா. திரும்பி வந்தவள் கையில் பிரசாதம் இல்லை. ராத்திரி லேசாகக் காய்ச்சல் அடித்தது. காலையில் நான் போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “ஊசி வலிகூடத் தாங்கிடலாம்” என்றாள். அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா நோட்டை எடுப்பீங்க.”

பூக்கார அம்மாவிடமும் கேட்டுப் பார்த்தேன். எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிவு பண்ணினீர்கள், ஏதாவது படித்தீர்களா, யாராவது சொன்னார்களா? அவர் முழம் போட்டுக்கொண்டே சொன்னார்: “நான் படுத்தா கடையை யாரு சார் போடுவா?” நான் நோட்டில் ரெண்டு பக்கம் எழுதியும் வராத வரி.

அதன் பிறகு ஒரு வாரம் என் மனைவியைக் கவனித்தேன். அவளுக்குத் தெரியாமல் கவனிப்பதாக நினைத்துக்கொண்டு. நடக்கிறாளா, மூச்சு வாங்குகிறதா, சீரியல் கதை ஞாபகம் இருக்கிறதா. அறிவியலில் இதைச் சோதனைக் குழு, ஒப்பீட்டுக் குழு என்போம். ஊசி போட்ட குழு துவைத்து, சமைத்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. போடாத குழு நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தது.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. தெருவில் எனக்கு ஒரு மரியாதை. மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன் என் பழைய மாணவன். “ஜென்னர் சாரே இன்னும் போடலையாம்” என்று அவன் கடையில் யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். காலை நடையில் நாலைந்து பேர் என்னைச் சுற்றிக்கொண்டு அபிப்பிராயம் கேட்பார்கள். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டால் அவன் தெரியாது என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? “பொறுத்துப் பார்க்கலாம்” என்பேன். சொல்லும்போது தாடையைத் தடவிக்கொள்வேன்.

ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காகவே அரசு மருத்துவமனைக்குப் போனவர். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி காலமானார். மாநிலமே கலங்கிப் போயிருந்தது. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? அன்றைக்கு நான் சொன்னது, “பாத்தியா!”

தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்து, அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று சொன்னது. அந்தச் செய்தி வந்தது அக்டோபரில். ஏப்ரலில் எனக்கு வந்த ஃபார்வர்டுகளுக்குக் கணக்கே இல்லை. அக்டோபரில் ஒன்றுகூட வரவில்லை. நானும் யாருக்கும் அனுப்பவில்லை.

மே மாதம் வந்தது. ஊரடங்கு. தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு 36,000 பேருக்கு மேல் தொற்று என்று டிவியில் சொன்னார்கள். காலை நடைக் கூட்டத்தில் என் பேச்சுக்குத் தவறாமல் தலையாட்டும் ஒருவர் இருந்தார். மூன்றாவது வாரம் அவர் போய்விட்டார். அவர் ஊசி போட்டிருந்தாரா, போடுவதாக இருந்தாரா, எனக்குத் தெரியாது. அவர் வீட்டில் கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை. அந்த நோட்டை அதற்கப்புறம் நான் யாரிடமும் காட்டவில்லை.

முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்த நேரம் ஊசி தீர்ந்துவிட்டது.

ஜூன் தொடக்கத்தில் மாநிலம் முழுக்கத் தட்டுப்பாடு. எந்த வாசலில் நின்று ‘ஒரே ஒரு ஆள்தான் குறையுது’ என்று கூப்பிட்டார்களோ, அதே வாசலில், “டோக்கன் முடிஞ்சுது சார், நாளைக்கு வாங்க” என்றார்கள். மறுநாள் விடிவதற்கு முன்பே போனேன். எனக்கு முன்னால் ஒரு ஊரே செருப்பையும் கல்லையும் போட்டு இடம் பிடித்திருந்தது. ‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்று நான் சொல்லக் கேட்ட ஆட்கள்தான் பாதி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாஸ்க் எவ்வளவு நல்ல கண்டுபிடிப்பு என்று அன்று உணர்ந்தேன்.

ஊசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளம் இன்னொரு கூத்து. ஓ.டி.பி. வருவதற்குள் கண்ணாடியைத் தேடுவேன். கண்ணாடி கிடைப்பதற்குள் ஓ.டி.பி. செத்துவிடும். கடைசியில் வரிசையில் பின்னால் நின்ற ஒரு பையன் போனை வாங்கி நொடியில் முடித்துக் கொடுத்தான். பதினெட்டு வயதுக்காரர்களுக்கும் மே மாதமே திறந்துவிட்டிருந்தார்கள். அந்த வயதுக்கு ‘பொறுத்துப் பார்க்க’ வேண்டிய அவசியமே வரவில்லை.

உள்ளே சட்டைக் கையைச் சுருட்டியதும் நர்ஸம்மா என் இடது கையைப் பார்த்தார். தோளுக்குக் கொஞ்சம் கீழே வட்டமாக ஒரு தழும்பு. என் வயதுக்காரர்கள் நிறையப் பேருக்கு இருக்கும்.

“இது அம்மை குத்தினதா சார்? எங்க தாத்தாவுக்கும் இருந்துச்சு.”

“ஆமாம்மா.”

“அதுக்கும் இப்படித்தான் யோசிச்சீங்களா?”

“அதுக்கு என்னை யாரும் கேக்கலம்மா” என்றேன். எங்கள் கிராமத்துக்கு அம்மை குத்துபவர் வந்தால் பிள்ளைகள் நெல் குதிருக்குள் ஒளிவோம். நான் ஒளிந்த குதிரிலிருந்து காதைப் பிடித்துத் தூக்கியது அப்பா. அப்படிக் குதிர் குதிராகப் பிடித்துக் குத்தியதால்தான் 1975க்குப் பிறகு இந்த நாட்டில் பெரியம்மை இல்லை. இதையும் நான் ரெண்டு மார்க் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். இதைப் பெருமையாக அவரிடம் சொல்லி முடிப்பதற்குள், “ஆச்சு சார், அடுத்தவங்க வாங்க” என்றார். மார்ச்சிலிருந்து நான் ஆராய்ந்த சங்கதி அரை மில்லி. எப்போது போட்டார் என்றே தெரியவில்லை.

அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். உடம்புக்குள் ஏதாவது நடக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்தது. தலை சுற்றியது, வியர்த்தது, கை நடுங்கியது. “சிஸ்டர்!” என்று நான் போட்ட சத்தத்தில் ரெண்டு பேர் ஓடி வந்தார்கள். “காலைல என்ன சாப்டீங்க சார்?” என்று கேட்டார்கள். ஒன்றும் சாப்பிடவில்லை. இருட்டில் கிளம்பியவன், சுகர் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறேன். பிஸ்கெட் பாக்கெட் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார்கள். பக்கவிளைவு நாலாவது பிஸ்கெட்டில் சரியாகிவிட்டது.

அந்த ஜூனில், ஊசி போட்டவர்களின் உடம்பு காந்தமாகிவிடுகிறது என்று ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. கையில் காசு ஒட்டுகிறது, கரண்டி ஒட்டுகிறது. சுத்தப் பேத்தல் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மத்தியானம் சமையலறைக்குப் போய், ஒரு எவர்சில்வர் ஸ்பூனைத் தோளில் வைத்து அழுத்தினேன்.

ஒட்டிக்கொண்டது.

உறைந்துபோய் நின்றேன். என் மனைவி உள்ளே வந்தாள். என்னையும் ஸ்பூனையும் மாறி மாறிப் பார்த்தாள். “குளிச்சிட்டு வந்து ஒட்டிப் பாருங்க” என்றாள். குளித்துவிட்டு வந்தேன். ஸ்பூன் டங் என்று கீழே விழுந்தது. வீட்டு எவர்சில்வரில் பல நிஜக் காந்தத்தில்கூட ஒட்டாது. இதுவும் எட்டாம் வகுப்புப் பாடம்தான்.

ஊசி போட்ட செய்தியைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டோவோடு போட்டேன். மகள் கட்டைவிரல் உயர்த்தினாள். மகன் கைதட்டும் பொம்மை அனுப்பினான். மாப்பிள்ளை ‘சூப்பர் மாமா’ என்றார். மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நானே கூப்பிட்டு, “கை ரொம்ப வலிக்குதும்மா” என்றேன். “பாரசிட்டமால் போடுங்கப்பா, மீட்டிங்ல இருக்கேன்” என்றாள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிவிட்டோம்.

ரெண்டாவது டோஸுக்கு முதலில் நாலு முதல் ஆறு வாரம் என்று வைத்திருந்தார்கள். அப்புறம் ஆறு முதல் எட்டு. மே 13இல் பன்னிரண்டு முதல் பதினாறு என்று நீட்டிவிட்டார்கள். மார்ச்சிலேயே போட்ட என் மனைவி எப்போதோ ரெண்டையும் முடித்துவிட்டுத் தெருவுக்கே ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். என் முறை செப்டம்பரில், மாநிலம் முழுக்க நடந்த முதல் மெகா முகாமில் வந்தது. 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். என் பொருட்டு இரண்டு நாடுகளில் இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்ட முடிவை 28 லட்சம் பேர் டீ குடித்துக்கொண்டே எடுத்திருந்தார்கள்.

வரிசையில் ஒருவர் கேட்டார்: “சார், இன்னிக்கு ஊசி போட்டா ஆட்டுக்கறி சாப்பிடலாமா?”

“தாராளமா. ஒண்ணும் ஆகாது. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை” என்றேன், பழைய ஜென்னர் கம்பீரத்தோடு. வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். எதற்கு வம்பு.

நான் மட்டும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. ஊசி போட்டால் கறியும் குடியும் கூடாது என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை வரத் தயங்குகிறார்கள் என்று, அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார் அமைச்சர் மா. சுப்பிரமணியன். அறிவியலால் முடியாததைக் கிழமையால் முடித்தார்கள். ஆட்சி நடத்தத் தெரிந்தவர்கள்.

2022 ஜனவரி 10ஆம் தேதி முன்னெச்சரிக்கை டோஸ் ஆரம்பித்தது. நம் வயதில் இணைநோய் உள்ளவர்களுக்குத்தான் முதலில் என்றார்கள். போன வருஷம் மார்ச்சில் யார் கேட்டாலும், “எனக்கு சுகர் இருக்கே, போடலாமான்னு தெரியல” என்று சொன்னவன் நான். இப்போது, “எனக்கு சுகர் இருக்கே, எனக்குத்தான் முதல்ல” என்று தெருவெல்லாம் சொன்னேன். ரெண்டாவது டோஸிலிருந்து ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் ஒன்பது மாதத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே, மார்ச் 16 முதல் அறுபது தாண்டிய எல்லோருக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த சுகரால் எனக்கு வரவிருந்த ஒரே நன்மையும் போயிற்று.

ஜூனில் என் முறை வந்தது. நோட்டு இல்லை, ஆராய்ச்சி இல்லை. காலையில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். கூட்டமே இல்லை. போட்டுக்கொண்டு, கீரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மகள் பேசினாள். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

“அப்பா, பூஸ்டர் டேட் வந்திருக்குமே, போட்டாச்சா?”

இடது கை விண்விண்ணென்று வலித்துக்கொண்டிருந்தது. போனை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“யோசிச்சிட்டு இருக்கேம்மா” என்றேன்.

“ஐயோ அப்பா, இதுல யோசிக்க என்ன இருக்கு? இருங்க, நான் சொல்றேன்...” என்று அவள் ஆரம்பித்தாள். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். நான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, ஈஸி சேரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.